பள்ளிக்கூட வாசலில் இரட்டைக்குழல்

தளவாய் என்றால் படைத்தலைவன். பெற்றவர்கள் ஆசையோடுதான் பெயர் வைத்தார்கள். அவரும் பட்டாளத்தில் சேர்ந்தார். பட்டாளமோ அவரைப் பார்த்த மாத்திரத்தில் அடுப்படிக்கு அனுப்பிவிட்டது. ஓய்வு பெறும்வரை பனிமலையில் சப்பாத்தி போட்டார். வருஷத்துக்கு ஒருதரம் சுடும் பயிற்சி உண்டு. அதில் அவர் சுட்டதால் குறிப்பலகைக்கு எந்தச் சேதமும் வந்ததாகத் தகவல் இல்லை.

தூத்துக்குடிக்குத் திரும்பியதும் உரிமம் எடுத்து, ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி, வங்கி வாசலில் காவல் நின்றார். வங்கிக்குக் கேமரா வந்தது; இவர் வீட்டுக்கு வந்தார்.

"அந்த இரும்ப வித்துட்டு ஒரு கிரைண்டராவது வாங்கும். மாவாட்டிக் குடுத்துப் பொழச்சுக்கிடலாம்" என்று மனைவி முத்துக்கனி பொழுது விடிந்தால் சொன்னாள், பொழுது அடைந்தால் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பாண்டித்துரைக்குப் பயம் வந்தது. பாண்டித்துரை சிமெண்டுக் கடைக்காரர். உப்பளத்துச் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் எவனோ புகுந்து பிள்ளைகளைச் சுட்டுவிட்டான் என்று அவள் போனில் அழுதாள். மனுஷன் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். அவர் பள்ளிக்குள் இதுவரை அனுமதியில்லாமல் புகுந்தவை ஆடும் மாடும் மழைத்தண்ணீரும்தான் என்று யார் அவரிடம் சொல்வது? அடுத்த வாரமே தளவாய் துப்பாக்கியும் கையுமாகக் கேட்டில் நின்றார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கிடும்வே. சம்பளம் துப்பாக்கிக்குத்தான், உமக்கில்ல" என்றார் பாண்டித்துரை.

பெற்றோர் கூட்டத்தில் அது வெடித்தது. துப்பாக்கி இல்லை, பேச்சு. மருந்துக்கடை இந்துமதி முதலில் எழுந்தாள். அவள் மகன் இரண்டாம் வகுப்பு.

"ஏன் சார், எலிக்குப் பயந்து வீட்டுக்குள்ள பாம்பு வளக்கலாமா?"

"துப்பாக்கி நின்னாத்தாம்மா ஒரு பயம் இருக்கும்" என்றார் துறைமுகத்தில் லாரி ஓட்டும் ஒருவர்.

"யாருக்கு? நம்ம பிள்ளைகளுக்கா?" என்று கேட்டவள், தளவாய் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. நீங்க ஒண்ணுக்குப் போகும்போது அது எங்கன இருக்கும்?"

"கூடவே கொண்டுபோவேன் தாயி."

"அங்க போயி எங்க வைப்பிய?"

கூட்டமே சிரித்தது. தளவாய்க்குக் காது வரைக்கும் சுட்டது. அவள் கேட்டது நியாயம்தான் என்று அவருக்கே தெரியும். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் இடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் குழலை வானம் பார்க்கத் திருப்பிக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவார். ஆனால் துப்பாக்கி வெளியே போனால் அதன் பின்னாலேயே தானும் போகவேண்டும். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அதற்குள் மாநகராட்சித் தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். தளவாயும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பாண்டித்துரை தலையில் கைவைத்தார்.

"ஆயுதக் காவல்னு போர்டு வச்சிருக்கேனேவே! உறையாவது இருக்கா? அதுக்குள்ள எதையாவது போட்டுத் தோள்ல மாட்டும்!"

வீட்டில் நீளமாக இருந்த ஒரே பொருள் உலக்கை. மிக்ஸி வந்த நாள்முதல் மூலையில் கிடந்த அதற்கு இப்படி ஒரு பதவி உயர்வு கிடைத்தது. லாரிக்காரர் உறையைத் தூரத்திலிருந்து பார்த்து, "இப்பத்தான் நிம்மதி" என்றார்.

உலக்கையை எவன் களவாண்டு எதைச் சுடப்போகிறான்? தளவாய் அதைக் காவல் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். பூட்டிய பிறகுதான் தனக்கு இரண்டு கைகள் இருப்பதே அவருக்கு நினைவுக்கு வந்தது. ஆட்டோவிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டார். ஷூ கயிறு கட்டினார். நாயை விரட்டினார். துப்பாக்கி போன பிறகு சேர்ந்த எல்கேஜி ஜெப்ஸி தினமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். அவளுக்குச் சப்பாத்தி சுடும் கதை சொல்லியே வகுப்புவரை கூட்டிப்போனார். "மலையில ஒரு கரடி வந்து எனக்கும் ஒண்ணுன்னு கேட்டுச்சு பாத்துக்கோ" என்று தொடங்கினால் அழுகை நின்றுவிடும். கரடி வந்ததா என்று கேட்காதீர்கள். அந்த மாதம் அவர் சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான்.

தேர்தல் முடிந்தது. துப்பாக்கி திரும்பி வந்தது. பாண்டித்துரை அதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னார். திங்கட்கிழமை காலை தளவாய் பழையபடி அதை ஏந்தி நின்றார்.

ஜெப்ஸி ஆட்டோவிலிருந்து குதித்து, "தாத்தா, இன்னைக்குக் கரடி…" என்று ஓடிவந்தாள். பாதியில் நின்றாள். துப்பாக்கியைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த டிவியில் பார்த்தாளோ.

"ஏளா, நாந்தாளா, தாத்தா! கையைக் கீழ போடு."

போடவில்லை. உதடு நடுங்கியது, ஆனால் சத்தம் வரவில்லை. ஊரைக் கூட்டுகிற பிள்ளை அழக்கூடப் பயந்து நின்றது. டீச்சர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை.

தளவாய் நேரே தாளாளர் அறைக்குப் போனார்.

"இது இனி இங்க வேண்டாம் சார்."

"துப்பாக்கி இல்லாம நீரு எதுக்குவே?"

"அப்ப நானும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காவல் நிலையத்தில் எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பெரியவரே, அடுத்த எலெக்‌ஷனுக்கு இன்னும் காலம் கிடக்கே?"

"கிடக்கட்டும் சார். இனி இது உங்ககிட்டயே இருக்கட்டும். லைசென்ஸையும் ரத்து பண்ண எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

முத்துக்கனி விஷயத்தைக் கேட்டு, அதிசயமாக ஒன்றும் திட்டவில்லை. காபிதான் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் தளவாய் கேட்டில் போய் நின்றார். இந்துமதி மகனை இறக்கிவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பாண்டித்துரை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். விரட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார்.

ஜெப்ஸி வந்தாள். தூரத்திலேயே நின்று அவருடைய கைகளைப் பார்த்தாள். தளவாய் இரண்டையும் விரித்துக் காட்டினார். அது போதவில்லை. அவரைச் சுற்றி வந்து முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். காவல் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.