ஏரி மீனுக்குக் கத்தியவள்

பெங்களூர் சிவாஜிநகரில் ஜாக்கெட் துணி விற்கும் கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுவது பெர்னதெத்தின் வேலை. பஸ் ஸ்டாண்டு இரைச்சலைத் தாண்டி அவள் குரல் எதிர்ச்சாரி வரைக்கும் போகும். அதில் அவளுக்குப் பெருமைதான்.

ஜீவனஹள்ளியில் அவள் பக்கத்து வீட்டு நரேஷ் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருந்தான். 1996-இல் அங்கே ஒரு கன்னடத் திகில் படத்துக்குச் சத்தம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியில் இறங்குகிறவர்களை மீன்கள் கடித்துத் தின்னும் கதை. மீன் ரப்பரில் செய்தது. டப்பிங்குக்கு வந்த பெண்கள் கத்தினால் பாட்டு மாதிரி இழுக்கிறது என்று டைரக்டர் வெங்கடசுப்ரமணியன் நொந்துபோயிருந்தார். நரேஷ் பெர்னதெத்தைக் கேட்டான். கத்துவதுதானே, வருகிறேன் என்றாள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போனாள்.

முதல் கத்தலிலேயே என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்தார். டைரக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதையே எல்லாச் சாவுக்கும் போட்டுவிடலாம் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தக் காலேஜ் பொண்ணு மீனைப் பாத்துட்டுக் கத்துது சார். துணி தொவைக்கிற அம்மா எதையும் பாக்கல, கடி பட்டதும்தான் கத்துது. ரெண்டும் எப்படி ஒண்ணாயிருக்கும்?"

அவருக்கும் அது சரியென்று பட்டது. சாயங்காலம் வரை, படத்தில் சாகிறவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாகக் கத்தினாள். படகுக்காரனுக்குக் கத்த வேண்டிய ஆள் வரவில்லை. குரலைக் கட்டையாக்கி அதையும் அவளே முடித்தாள். கிளம்பும்போது, டைட்டிலில் தன் பேர் வர வேண்டும் என்றாள். இதற்கெல்லாம் பேர் போடுவதில்லை என்றார் மானேஜர். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டைரக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

படம் வந்ததும் பெயிண்டர் வேலை செய்யும் கணவன் இராஜமாணிக்கத்தையும் மகள் விஜியையும் கூட்டிப்போனாள். 'அலறல்: பெர்னதெத்' என்று கன்னடத்தில் வந்ததை விஜி சத்தமாகப் படித்தாள். மீன் வந்தபோது தியேட்டரே சிரித்தது. அதை இழுக்கும் கயிறு திரையில் தெரிந்தது. அவளும் சிரித்தாள். பிறகு துணி துவைக்கிறவளின் காலை மீன் கவ்வியது. அந்தக் குரலில் சிரிப்பு அடங்கிப்போனது.

இராஜமாணிக்கம் அவள் கையைப் பிடித்தான்.

"பெர்னா, இது விஜி பொறந்தப்ப நீ கத்தினது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு கேட்டேன்."

"ஆமா. வேற எங்கேர்ந்து எடுக்கிறது?" என்றாள்.

இடைவேளை வரை அவன் கையை விடவில்லை.

படம் ஒரு வாரம்தான் ஓடியது. ஆனால் அந்தக் குரல் யாருடையது என்று மற்ற ஸ்டுடியோக்காரர்கள் விசாரித்து வந்தார்கள். பிறகு டிவி சீரியல்கள் பெருகின. பேய் பார்த்தவள், தீப்பிடித்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள் என்று வேலைக்குக் குறைவில்லை. 2001-இல் கடை வேலையை விட்டாள்.

வீட்டில் அவள் கத்திப் பழகத் தொடங்கிய புதிதில் தெருவே கதவைத் தட்டியது. பிறகு பழகிவிட்டது. ஒருமுறை ரோந்து வந்த போலீஸ்காரர் அலறலைக் கேட்டு பைக்கை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு ருக்மிணி, வாசல் தெளித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அவங்களுக்கு நாளைக்கு டப்பிங் இருக்கு என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.