எண்ணெய்க் குழாயில் சுற்றிய நூல்

என் உம்மா ஹஜ்ஜுக்குப் போகாமலே மவுத்தானதற்கு நான்தான் காரணம். இதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. எழுதும் துணிச்சல் இப்போதுதான் வந்திருக்கிறது. துணிச்சல் என்ன துணிச்சல்! கேட்க வேண்டிய ஆள் மண்ணுக்குள் போன பிறகு எவனும் எழுதுவான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மருதமுனையில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. உம்மாவும் என் மனைவியும் நெய்கிற சாரன்களை மூட்டை கட்டி, சவளக்கடை, இறக்காமம் என்று வயல் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பது என் வேலை. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, பக்கத்தில் ஆள் இருக்கப் பூட்டிய சைட்காரோடு, என்னிடம் இருந்தது. காற்றுப் பட்டுத்தான் அதன் என்ஜின் ஆற வேண்டும். வயல் ரோட்டில், உச்சி வெயிலில், மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்தால் காற்றுக்கு எங்கே போவது? சவளக்கடை வரமுன்பே சூடேறிச் செத்துவிடும். அது ஆறும்வரை மரத்தடியில் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பேன். போகிற வண்டிக்காரன் எல்லாம், "என்ன தம்பி, குதிரைக்குப் புல்லு போடல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வண்டியில் எண்ணெய்க்குத் தனியாக ஒரு தாங்கி உண்டு. தாங்கியிலிருந்து என்ஜினுக்குப் போகிற எண்ணெய், உள்ளே ஓடிச் சூடாகி, ஒரு குழாய் வழியாகத் தாங்கிக்கே திரும்பி வரும். திரும்பி வருகிற அந்த வழியை நீட்டி, எண்ணெயை வெளிக்காற்றில் நாலு சுற்றுச் சுற்றவிட்டால் என்ன? இந்த யோசனை வந்த நாளில் எனக்குத் தலை கால் தெரியவில்லை. கல்முனைப் பழைய இரும்புக் கடையில், உடைந்த ட்ரக்டர் ஒன்றில் கழற்றிய செப்புக் குழாய் இரண்டு பாக நீளத்துக்குக் கிடைத்தது.

செப்புக் குழாயைச் சும்மா வளைத்தால் நசுங்கும். கடற்கரை மணலைக் காயவைத்து உள்ளே இறுக்கி நிரப்பி, சிரட்டைத் தணலில் வாட்டி, தறியில் துணி சுருட்டுகிற கட்டையிலே வைத்து வளைத்தேன். உம்மா பார்த்துவிட்டு, "சாரன் நெய்யிறது போதாதெண்டு செம்புலயும் நெய்யப் போறியா மகன்?" என்று சிரித்தா.

மணல் ஒரு மணி உள்ளே தங்கினாலும் என்ஜின் குளோஸ். எனக்கு அது தெரியும். அதனால் மண்ணெண்ணெய் ஊற்றி, கொதிதண்ணீர் ஊற்றி, மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றி, ஏழு தரம் கழுவினேன். வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தேன். மணலுக்கு அவ்வளவு பயந்தவன் நான்.

பூட்டியதும் இரண்டு பொருத்திலும் எண்ணெய் ஒழுகியது. எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் உடைந்தாலும் கை முதலில் போவது நூலுக்குத்தான். குடைக்கம்பிக்கும் நூல், மூக்குக் கண்ணாடிக்கும் நூல், வெட்டுப்பட்ட விரலுக்கும் நூல். "உம்மா, கொஞ்சம் நூல் தாங்க" என்றேன். தறியில் பூட்ட வைத்திருந்த பாவிலிருந்து அறுத்துத் தந்தா. "கஞ்சி போட்ட நூல் மகன். இறுகினா உடாது." குழாயின் திருகுப் புரியில் அதை நன்றாகச் சுற்றி முறுக்கினேன். ஒரு துளி ஒழுகவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, வண்டி ஓடிய ஓட்டம் ஓட்டம்தான். இறக்காமம் வரைக்கும் ஒரு மூச்சில் போனேன். மரத்தடியில் நிற்கிற வேலையே இல்லை. முன்பென்றால் நிற்கிற இடமெல்லாம் தாங்கியின் மூடியைத் திறந்து, எண்ணெய் ஒழுங்காகச் சுற்றி வருகிறதா என்று பார்ப்பேன். அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். வாய் மட்டும் ஓயவில்லை. தேத்தண்ணிக் கடையில் என் கெட்டித்தனத்தைக் கேட்காத ஆள் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் கொழும்பிலிருந்து மாமாவின் தந்தி வந்தது. மாமா உம்மாவின் தம்பி. உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போக, கப்பலில் இடம் பிடிக்கக் கொழும்பில் கிடந்தவர். இடம் கிடைத்துவிட்டது, நாளைக்குக் கப்பல், இன்று மாலை மட்டக்களப்பு ரயிலில் உம்மாவை ஏற்றிவிடு என்று இருந்தது.

உம்மா தந்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதா. பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினா. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வேலிச் சண்டையில் இரண்டு வருசம் முகம் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்து, "புள்ள, என்னப் பொறுத்துக்க" என்று கேட்டா. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"கார் ஒண்டு பேசுவமா?" என்று என் மனைவி கேட்டாள். "கார் என்னத்துக்கு? என்ட வண்டியப் போல கார் ஓடுமா?" என்றேன். நாக்கை அறுத்து எறிந்திருக்க வேண்டும் நான்.

பகல் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். உம்மா சைட்காரில், மடியில் துணி மூட்டை, கையில் தஸ்பீஹ் மணி. களுவாஞ்சிக்குடி தாண்டியதும் நேரம் நிறைய இருக்கிறது என்று தெரிந்தும் இன்னும் முறுக்கினேன். வண்டி ஒரு தரம் கிறீச்சிட்டது. பின் சில்லு இறுகி, றோட்டில் இழுபட்டு நின்றோம்.

"என்ன மகன், வந்திட்டமா?" என்று உம்மா கேட்டா.

பெடலில் ஏறி மிதித்தேன். அசையவில்லை. ஆறட்டும் என்று நின்றேன். ஆறியும் அசையவில்லை. ஒரு பஸ் வந்தது, ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள், நிறுத்தாமலே போய்விட்டது. பிறகு தேங்காய் லொறிக்காரன் ஒருவன் இரங்கி ஏற்றினான். வழியெல்லாம் அவன் நிறுத்தி நிறுத்தித் தேங்காய் இறக்கினான். யா அல்லாஹ், அந்த ஒவ்வொரு தேங்காயும் என் நெஞ்சில் விழுந்தது. ஸ்டேசனுக்கு ஓடினால் மேடை வெறுமையாகக் கிடந்தது. மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தவன், "இப்பதான் போகுது" என்றான்.

உம்மா அழவில்லை. "தொழுறதுக்கு ஒளு எடுக்கத் தண்ணி எங்க மகன் இரிக்கி?" என்று மட்டும் கேட்டா.

மாமா தனியாகக் கப்பலேறினார். பொறுக்கச் சொல்லிக் கேட்டு, அழுது, விடைபெற்றுப் போன வீடுகளுக்கு முன்னாலேயே உம்மா திரும்பி நடந்து வந்தா. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை.

வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கழற்றினேன். தாங்கி நிறைய எண்ணெய் இருந்தது. அடியில், என்ஜினுக்கு எண்ணெய் போகிற வாயில் ஒரு சின்னக் கம்பிவலை உண்டு. அந்த வலையை மூடி ஒரு பஞ்சுப் படை. விரலால் வழித்துப் பார்த்தேன். நூல். நான் சுற்றிய நூல், கொதி எண்ணெயில் கஞ்சி விட்டு, இழை இழையாகக் கழன்று, குழாய் வழியே ஓடிவந்து வலையில் படிந்திருந்தது. எண்ணெய் கிடைக்காமல் என்ஜின் இறுகிப் போயிருக்கிறது.

"என்ன மகன் கண்டாய்? வண்டி ஏன் நிண்ட?" உம்மா பின்னால் நின்றா.

நூலைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். "பழைய வண்டிதானே உம்மா. தேஞ்சி போச்சு."

"வண்டியில ஒண்டுமில்ல. என்னிலதான் என்னமோ குத்தம் இரிக்கி. இல்லாட்டி அல்லாஹ் பாதி வழியில திருப்புவானா?"

அப்போதே கையை விரித்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. உம்மா தந்த நூல் என்று அவவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் கெட்டித்தனம் சந்தி சிரிக்கும் என்ற பயம்தான். அந்த நூலை அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு உம்மா தறியில் இருந்தபடியே யோசிப்பா. திடீரென்று எழுந்து, சின்ன வயதில் யாரையோ ஏசிய ஞாபகம் வந்து, அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பொறுக்கச் சொல்லிக் கேட்டு வருவா. எத்தனை வாசல் ஏறியிருப்பாவோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தரமும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மாரி மழையில் உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள், எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டா.

"எல்லாரிட்டயும் கேட்டுட்டன் மகன். உன்னட்டத்தான் கேக்கல்ல. உனக்கு நான் ஏதும் குறை வெச்சிருந்தா பொறுத்துக்க."

"பொறுத்திட்டன் உம்மா" என்றேன்.