பிளேடு அண்ணனின் சதுரக் கேரட்

எங்கள் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினுக்கு அவர்தான் ராஜா. அதனால் பிளேடு அண்ணன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதனாலும் பிளேடு அண்ணன். எதைக் கண்டாலும் ஓரம் வெட்டாமல் அவரால் இருக்க முடியாது. ரொட்டி விளிம்பை நறுக்குவார், காலண்டர் தாளை நறுக்குவார். மீசையைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் வெட்டுகிறார் என்று ஒரு பேச்சு. கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

வருஷம் முழுக்க யாரும் அவரைச் சட்டை செய்வதில்லை. வருஷா வருஷம் அச்சகத்து ஆட்கள் எல்லாரும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் இரண்டு நாள் மட்டும் கரண்டி அவர் கையில். என்ன சமையல், யார் விறகு பொறுக்குவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஈர விறகை ஊதி ஊதி அவருக்குக் கண் சிவக்கும், பசியில் எங்களுக்குக் கண் இருட்டும். மதியச் சாப்பாடு பொழுது சாயும்போது வரும்.

இந்த வருஷம் அவருடைய சகலை எங்களிடம் மெக்கானிக்காகச் சேர்ந்தான். இரண்டு பேர் பொண்டாட்டிகளும் அக்கா தங்கை, எதிரெதிர் வீடு. சகலை வீட்டு ஃபிரிட்ஜ் பெரிசு, டிவி பெரிசு, மாமனார் வீட்டில் அவன் தட்டில் விழும் கறித்துண்டும் பெரிசு என்று அண்ணனுக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது. அதில் அவன் எண்ணெய் ஊற்றினான்.

"எதுக்குண்ணே இவ்ளோ கஷ்டம்? வீட்லயே கறி ஆக்கி, கவர்ல கட்டி, ஃப்ரீஸர்ல வெச்சிடுவோம். அங்க போய் கொதிக்கிற தண்ணில போட்டா சாப்பாடு ரெடி. உறைஞ்ச கவரே ஐஸ் மாதிரி, தனியா ஐஸ்கூட வேணாம்."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "யாரு சீக்கிரம் சோறு போடுறீங்களோ, அடுத்த வருஷம் கரண்டி அவங்க கைல."

"வீட்ல ஆக்கி எடுத்துட்டுப் போறதுக்குப் பேரு கேம்ப்பா? டிபன் கேரியர்!" என்று அண்ணன் குதித்தார்.

குதித்தவர், கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கோழியும் கேரட்டும் போட்டுக் கறி ஆக்கினார். கவரில் கட்டி, "ஃப்ரீஸ் பண்ணி என் பையில வெச்சிடு. உன் தங்கச்சிகிட்ட மூச்சு விடாத" என்று அண்ணியிடம் தந்தார். அண்ணி என்ன செய்வார்? அந்த வீட்டு ஃபிரிட்ஜில் தண்ணீரே ஜில்லென்று ஆகாது. அண்ணன் தலை மறைந்ததும் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். விடிந்ததும் தங்கச்சி எல்லாக் கவரையும் புருஷனுடைய ஐஸ் பெட்டியிலேயே அடுக்கிவிட்டாள். அண்ணி போய்க் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இதெல்லாம் பிறகு அண்ணி என் வீட்டுக்காரியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னது.

ஏரிக்கரையில் அண்ணன் பையைக் கவிழ்த்துத் தேடினார். வெங்காயம் உருண்டது, கவரைக் காணோம். யாரிடம் கேட்பார்? ஈர விறகோடு மல்லுக்கட்டினார். புகை வந்தது, நெருப்பு வரவில்லை. அதற்குள் சகலை சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, கைக்கு வந்த கவர்களைச் சூடாக்கிப் பரிமாறிவிட்டான். உச்சி வெயிலிலேயே சாப்பாடு! ஆளாளுக்கு அள்ளி வாயில் போட்டோம்.

அண்ணன் ஒரு வாய் வைத்தார். "உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோழியா இது, ரப்பரு. ஆக்கினவன் கைய உடைக்கணும்."

மேனேஜர் ஒரு கேரட் துண்டைத் தூக்கிப் பிடித்தார். "என்னய்யா இது, நாலு பக்கமும் ஓரம் வெட்டி, பைண்டிங் பண்ண புக்கு மாதிரி இருக்கு?"

எல்லார் தட்டிலும் சதுரம். எல்லாம் ஒரே அளவு. எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம்.

"அண்ணே, இது உங்க வெட்டுதானே?" என்றான் சகலை.

"இப்ப கைய உடைக்கலாமா, விட்றலாமா?" என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

அண்ணன் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆமா, நான்தான் ஆக்கினேன். அதுக்கு என்ன இப்போ? நல்லாத்தான இருக்கு!"

"உப்பு?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. தின்னு."

மேனேஜருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "கரண்டி உன்கிட்டயே இருக்கட்டும்யா. ஆனா இனிமே விறகுப் பக்கம் போகாத. வீட்லயே ஆக்கிட்டு வந்துடு."

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தும் நேரம் பார்த்து சகலை, "அதுக்கென்ன, நம்ம ஃப்ரீஸர்ல இடம் நெறைய இருக்குண்ணே" என்றான். நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கியது.

மறுநாள் காலை சகலை முட்டை பொரித்தான். மஞ்சள் கரு உடையாமல் ஒவ்வொன்றையும் தோசைக்கல்லிலேயே திருப்பிப் போட்டான். அண்ணன் இமைக்காமல் பார்த்தார்.

"கத்துத் தரவாண்ணே?"

"வேணாம். நான் முட்டையே தொடுறதில்ல" என்றார் அண்ணன், நாலாவது முட்டைக்குத் தட்டை நீட்டிக்கொண்டே.