ப்ரெபன் கையில் இருந்த பாஸ்வேர்டுகள்

ரிக்மோருக்கு அந்த ஊரில் நல்ல பெயர் கிடையாது. யூட்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த அந்த ஊரின் ஒரே வங்கியை மூடியபோது கடைசியாகக் கதவைப் பூட்டியவள் அவள்தான். மூடச் சொன்னவன் தலைநகர் கோபன்ஹேகனில் சொகுசாக இருந்தான், வசவெல்லாம் இவளுக்கு. வேலை போனபின் வியாழன்தோறும் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து, நூலகத்தில் பெரியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தாள். கூட்டம் வந்தது, காப்பிக்கும் கேக்குக்கும்.

சர்க்கார் கடிதமெல்லாம் கணினிக்கே வரத் தொடங்கியதும், ஊர் தன் பாஸ்வேர்டுகளை மளிகைக்கடை ப்ரெபனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தது. திறப்பது, படிப்பது, பதில் போடுவது எல்லாம் அவனே. வீட்டுக் கதவையே பூட்டாத ஜனங்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

எவால்ட் கிழவரின் மனைவி தோரா, இடுப்பு முறிந்து படுத்துவிட்டாள். குளிப்பாட்ட ஆள் அனுப்பட்டுமா என்று நகராட்சி கேட்டது. ப்ரெபன் தானாகவே வேண்டாமென்று பதில் போட்டுவிட்டான். அதை நூலகத்துக்கே வந்து, எவால்டும் உட்கார்ந்திருக்கும்போதே, பெருமையாகச் சொன்னான்.

"கண்டவங்க வீட்டுக்குள்ள வந்து நிக்கணுமா? எவால்டு கல்லு மாதிரி இருக்காரு, பாத்துக்குவாரு."

"அவரைக் கேட்டியா நீ?" என்றாள் ரிக்மோர்.

"பேங்க்கை மூடினவ நியாயம் பேச வந்துட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். ரிக்மோர் எவால்டின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அடுத்தவர் மவுஸைத் தொடுவதில்லை என்பது அவள் பிடிவாதம். கிழவர் திணறினார், அவளை வைதார், தப்புத் தப்பாக அழுத்தினார். ஆனாலும் பாஸ்வேர்டை அவரே மாற்றினார். உதவி வேண்டும் என்ற பதிலும் அவர் விரலாலேயே போனது.

"இனி இது உங்களுக்கு மட்டும்தான் தெரியணும், பெரியவரே."

எவால்ட் ப்ரெபனைப் பார்த்தார். "எழுதிக்கோப்பா," என்று புது பாஸ்வேர்டை எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

"ஐயோ, வர்ற ஆளை இவன் மறுபடியும் நிறுத்திடுவானே!" என்றாள் ரிக்மோர்.

"உனக்கென்ன, சாயங்கால பஸ்ஸுல போயிருவே. தோராவுக்கு மூச்சு முட்டினா இவன் வண்டியிலதான் நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். இவனைப் பகைச்சுக்கிட்டு நான் எங்க போய்க் குடியிருக்கிறது?"

ப்ரெபன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தான். தோரா குளிப்பதும் குளிக்காததும் இனியும் அவன் வைத்ததுதான் சட்டம்.