உள்ளே போனால் போதும் என்றேன்

நான்கு வருடங்களுக்கு முன், பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆவடி சேக்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. முதலாளி ஊருக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் சாயப்பட்டறை, கோவாவில் ஓட்டல், நடுவில் கொஞ்ச நாள் லாரியில் கிளீனர். ஆறு மாதத்துக்கு மேல் ஓர் இடத்தில் எனக்குக் கால் நிற்காது. எங்கே போனாலும் ஒரே வழியில்தான் வேலை வாங்குவேன். தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பேன். கோவாவில் தந்தூரி அடுப்பு தெரியும் என்று சொல்லிச் சேர்ந்து, முதல் நாளே முழங்கை வரை சுட்டுக்கொண்டேன். சமையல்காரர் திட்டினார், ஆனால் அனுப்பவில்லை. உள்ளே வந்துவிட்டவனை வெளியே தள்ள எல்லோருக்கும் சோம்பல். ஊர் ஊராகத் திரிந்து நான் கற்றது அவ்வளவுதான்.

கடைக்கு ஒரு பெண் வருவாள், அப்போது பன்னிரண்டாவது. அவளுடைய அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்த வெல்டர். பள்ளி ஆசிரியை ஒருவர் வழிகாட்ட, அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்க விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு மாதமாக எங்கள் கடையில் உட்கார்ந்துதான் கட்டுரை எழுதினாள், மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்தாள்.

அன்று விண்ணப்பிக்கக் கடைசி நாள், பள்ளிக்கு லீவு போட்டு வந்திருந்தாள். அவர்கள் ஊர் நள்ளிரவு நமக்குக் காலை பத்தரை. பத்து மணி தாண்டியதும் என்னைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு கேள்வி நின்றிருந்தது. படிப்புச் செலவுக்குக் கல்லூரியின் உதவி வேண்டுமா, வேண்டாமா? கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அவளே தமிழில் சொன்னாள். உள்ளூர்ப் பிள்ளைகள் உதவி கேட்டால் அதை ஒரு பொருட்டாக எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்டால், இடம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது அதையும் பார்ப்பார்கள்.

இங்கிலீஷ்தான் எனக்கு வராது, விஷயம் உடனே புரிந்தது. ஒரே மார்க்கில் இரண்டு பேர் நின்றால், பணம் கட்டுகிறவனைத்தான் எடுப்பார்கள்.

அவள் ஆசிரியைக்குப் போன் போட்டாள். வகுப்பில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்னு போடும்மா. மொதல்ல உள்ள போ, அப்புறமா கேட்டுக்கலாம்" என்றேன்.

"கீழ இன்னும் எழுதியிருக்குண்ணா. ரெண்டு நிமிஷம், படிச்சுடறேன்."

ஆதார் நகல் எடுக்க மூன்று பேர் நின்றிருந்தார்கள். அந்த வாரம் வேறு கரண்ட் நினைத்தபோதெல்லாம் போய்க்கொண்டிருந்தது. நேரமில்லை, அனுப்பு என்றேன். அவள் ஒரு நொடி தயங்கிவிட்டு, நான் சொன்னபடி அழுத்தினாள்.

மார்ச் மாதக் கடைசியில் இடம் கிடைத்துவிட்டது. நான்தான் ஏதோ சாதித்ததுபோல, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்த வாரமே, முதல் வருடச் செலவை எப்படிக் கட்டுவீர்கள் என்று ஆதாரம் கேட்டார்கள். இப்போது கேள் என்றேன். உதவி கேட்டு எழுதினாள். மறுநாள் நான்கே வரியில் பதில் வந்தது. விண்ணப்பிக்கும்போது வேண்டாம் என்று சொன்னவர்கள், படிக்கும் நான்கு வருடமும் உதவி கேட்க முடியாது. இது விண்ணப்பத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவள் படிக்க நினைத்தபோது நான் அவசரப்படுத்திய அதே வரிதான். "ஒரு பிரிண்ட் குடுங்கண்ணா, அப்பாவுக்குக் காட்டணும்" என்று மட்டும் கேட்டாள்.

நான் அதோடு ஊரை மாற்றியிருக்கலாம். அதுதான் என் வழக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெல்டிங் வெளிச்சத்தில் சிவந்த கண்ணோடு அவள் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த பிரிண்டை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"என்னாண்ட கேட்டிருந்தா நானும் அத்தத்தான் நைனா சொல்லியிருப்பேன். கையில காசு இல்லன்னு வாசல்லயே சொன்னா, எவன் உள்ள உடுவான்?"

சமையலறையில் இருந்த அவள் தலையை நீட்டி மெதுவாகச் சொன்னாள்: "கேக்கறதுக்குன்னே ஒரு இடம் வச்சிருந்தாங்கப்பா. நாமதான் மூடிட்டோம்."

அவர் பிரிண்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

அடுத்த வருடம் ஏப்ரல் வரை நான் அந்தக் கடையை விட்டுப் போகவில்லை. அதற்குள் அவள் அமெரிக்காவில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, நகரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, தினமும் ஆவடியிலிருந்து ரயிலில் போய்வந்தாள். மறுபடி விண்ணப்பிக்க வந்தபோது, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்தாள். இந்த முறை அமெரிக்காவில் நான்கைந்து கல்லூரிகள். "உக்காருங்கண்ணா, நான் சத்தமா படிக்கிறேன்" என்று அடி வரைக்கும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல், வேண்டும் என்று அழுத்தினாள்.

எல்லாக் கல்லூரிகளும் இடமில்லை என்று சொல்லிவிட்டன. எந்தக் கடிதத்திலும் பணம் என்ற வார்த்தையே இல்லை. உதவி கேட்டதுதான் காரணமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நாள் அழுதாள். மறுநாள் வழக்கமான ரயிலைப் பிடித்தாள்.

இப்போது நான் திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறேன். அவள் பட்டம் வாங்கி, மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதாகக் கேள்வி. முதல் முறையே வேண்டும் என்று போட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று வண்டி ஓட்டும்போது சில நாள் நினைப்பேன். என்னைத் துரத்தியிருந்தால் எனக்கு அடுத்த ஊர் இருந்தது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு கல்லூரி. இல்லாதவர்கள் வாய் திறந்து கேட்பதையே ஒரு குறையாக எடுத்துக்கொள்ளும் அந்தக் கல்லூரிகள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அவள் என்னிடம் கேட்டது இரண்டு நிமிடம்தான், அதைக் கொடுக்காதவன் நான்.