பாவாயி மாவு

கச்சா எண்ணெய்ப் புகையும் உமித்தூசியும் கலந்த நெடி எங்கேயாவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு முதலில் காது மடல்கள்தான் சுடும். கொல்லிமலையிலிருந்து இறங்கிச் சேந்தமங்கலத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் என்பதில் அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை. அந்தப் பெருமையோடுதான், புதிதாக வந்த மில்லின் வாசலில் தொங்கிய பலகையை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்: நெல், சாமை அரைத்துத் தரப்படும்.

சாமையைக் குத்திக் குத்தியே கை காய்த்துப்போன அம்மா அதை மறுபடியும் படிக்கச் சொன்னாள். அடுத்த சந்தை நாளில், அறுவடை வரைக்கும் வீட்டுக்கு வைத்திருந்த சாமையில் ஒரு மூட்டையைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம், கூட வந்த பெண்களிடம், "எம்புள்ள படிச்சுச் சொல்லியிருக்குது" என்று ஒரே பேச்சு.

மில்லை நிறுவ வந்திருந்த இஞ்சினியர் சேலத்துக்காரர், இளவயது. சாமையை அவர் அதுவரை அரைத்ததில்லை. பலகையை எழுதி மாட்டியது முதலாளி. நெல்லுக்கென்று பொருத்திய சல்லடைத் தகட்டின் பெரிய கண்கள் வழியாகப் பாதிச் சாமை தவிட்டோடு ஓடிப்போக, மீதி நொறுங்கி உமியும் மாவுமாகச் சாக்கில் விழுந்தது. மாட்டுக்குத்தான் ஆகும். இஞ்சினியர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க பாவாயி, மூஞ்சிக்குப் பவுடரு அரைக்கவா இத்தன தூரம் சொமந்தீங்க?" என்று அம்மாவைக் கேட்டாள் கூட வந்தவர்களில் ஒருத்தி. நாங்கள் மலையேறுவதற்குள் அந்தச் சிரிப்பு முன்னால் ஏறிவிட்டது. அதன்பிறகு யார் வீட்டு உரலில் சாமை நொறுங்கினாலும் அதற்குப் பெயர் "பாவாயி மாவு". பள்ளிக்கூடத்துக்கும் அது வந்து சேர்ந்தது. அம்மாவின் பெயரை யாராவது கேட்டால் சொல்லாமல் நழுவிவிடுவேன்.

சில வாரம் கழித்து இஞ்சினியர் மலைக்கு நடந்தே வந்தார். கண் சிறுத்த புதுத் தகடு அடித்திருப்பதாகவும், உள்ளிருக்கும் கத்தியைத் தள்ளிவைத்து ஓட்டத்தைக் குறைத்திருப்பதாகவும், ஓட்டிப் பார்க்கச் சாமைதான் இல்லை என்றும் சொன்னார். விலைக்குக் கேட்டும் ஊரில் ஒருவரும் தரவில்லை. தந்தால் அடுத்த மாவுக்குத் தங்கள் பெயர் வந்துவிடும் என்று பயம். வேண்டாமென்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடு கண்ணு" என்றவள் அவரைப் பார்த்து, "எம்பேரு உங்க மிசினுலதானுங்க நொறுங்குச்சு. அதுலயே நேராகட்டும்" என்று இன்னொரு மூட்டையை எடுத்தாள்.

அது போனால் மழைக்காலம் முழுக்கக் கிழங்குதான் என்று எனக்குத் தெரியும். மில்லில் இஞ்சினின் பட்டை சுற்றத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சாமை முழுசாக, வெளுப்பாக விழுந்துகொண்டிருந்தது. அம்மா ஓர் அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்துத் தலையாட்டினாள். இஞ்சினியர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வீடு ரேஷன் அரிசி வந்துவிட்ட இந்த நாளிலும், அதே மில்லில் சாமைக்கென்று தனி மிஷினே ஓடுகிறது. நொறுங்கினால்தானே 'பாவாயி மாவு' என்ற சொல்லுக்கு வேலை, அது வழக்கிலிருந்தே போய்விட்டது. போன மாதம் அம்மாவோடு போயிருந்தேன். மூட்டை வாங்கிய புது ஆள், "பேரென்னங்க?" என்று கேட்டான். "பாவாயி" என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரில் குனிந்திருந்த தலை என்னுடையது மட்டும்தான், அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.