சாமி போட்ட மார்க்கு

இந்த வருடக் கோயில் கொடைக்குச் சாமிக்கு வெளிநாட்டுச் சுருட்டு கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது, அப்பா அனுப்பிய பார்சலை அம்மா பிரித்துக்கொண்டிருந்தபோது. அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சோப்பு, பாதாம், எனக்கொரு பென்சில் டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அலுமினியக் குழல். மூடியைத் திருகினால் உள்ளே பழுப்பாக ஒரு சுருட்டு. அதற்குத் தங்க நிறத்தில் தாள் மோதிரம் வேறு.

அப்பா துபாயில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தார். சுருட்டு பிடிப்பதற்கென்றே அங்கே ஏசி போட்ட அறை உண்டாம். கையாலேயே சுருட்டிய உயர்ந்த சரக்கு. முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும், விரலால் மெல்ல அமுக்கிப் பார்க்க வேண்டும், புகையை விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் மர வாசம், நடுவில் காப்பி, கடைசியில் மிளகு. நல்ல சுருட்டென்றால் சாம்பல் உதிராமல் நிற்கும். இதையெல்லாம் சொல்லும்போதுதான் அப்பாவுக்குப் பேச்சு நீளும். மற்ற நாளில் சாப்பிட்டியா, படிச்சியா என்பதோடு வீடியோ கால் முடிந்துவிடும். அதனால் நான் சுருட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெருவில் எல்லா வீட்டிலும் விசைத்தறி ஓடும். எங்கள் தறி அப்பா போனதோடு நின்றுவிட்டது. அந்தத் தறிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சுருட்டைச் சோதித்தேன். குழலுக்குள் அது கடகடவென்று ஆடியது. ஒரு முனை சீராக வெட்டியிருந்தது. மறுமுனை கருப்பு. உயர்ந்த சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். முகர்ந்தால் காரம் மூக்கில் ஏறியது. அப்பா இருக்கும் இடம் இப்படித்தான் மணக்கும் போல. சுருட்டைப் பீரோவில் வைத்துவிட்டு, வெறும் குழலைப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் குலசாமி சுடலைமாடன். கொடையில் சாமியாடுவது அப்பாதான். அவர் போனபின் சித்தப்பா ஆடினார். சாமி வந்து நிற்பவர் கையில் சுருட்டைக் கொடுத்துக் குறி கேட்பார்கள். ஊர்ச் சுருட்டு சாமிக்கு அலுத்திருக்கும். இதைக் கொடுத்தால் மனம் குளிர்ந்து, அப்பா எப்போது வருவார் என்று சொல்லிவிடும். என் கணக்கு அது. அம்மாவுக்கும் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்பாதான் தயங்கினார். "சாமிக்கா? வேண்டாம்ட்டி மக்கா. உங்க சித்தப்பா ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கட்டும்னுல்லா அனுப்புனேன். சாமிக்கு நம்மூர்ச் சுருட்டே போதும்."

"போங்கப்பா, சாமிக்கு இல்லாததா?" என்றேன்.

நெட் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார். படம் நன்றாகத்தான் தெரிந்தது.

மதியக் கொடை. மேளம் காதைப் பிளந்தது. ஆடி வந்து நின்ற சித்தப்பாவிடம் தாம்பாளத்தை நீட்டினேன். சுருட்டின் முனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயில் வைத்தார், பூசாரி பற்றவைத்தார். மற்ற வருடங்களில் சாமி நாலு இழுப்பு இழுத்துத் துப்பிவிடும். அன்று நிதானமாக இழுத்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. சாம்பல் மட்டும் நிற்காமல் உதிர்ந்தது. காற்றுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சாமி, சுருட்டு எப்படி இருக்கு?"

கூட்டம் சிரித்தது. "ஏலே, சாமிட்டயே மார்க்கு கேக்கா பாரு!" என்றார் மேளக்காரர்.

"நூத்துக்கு நூறு" என்றது சாமி.

"எங்கப்பா எப்ப வருவாவ?"

தங்க மோதிரம் கருகும்வரை இழுத்துவிட்டு, என் நெற்றியில் திருநீறு பூசியது. "வருவான் மக்கா. எங்கண்ணன் வந்துருவாவ."

சுடலைமாடனே அப்பாவை அண்ணன் என்கிறதே! வகுப்பில் சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "முழுசுமா இழுத்தான்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வந்து சேரப் பல வருடம் ஆயிற்று. வந்தபின்னும் கொடைக்குப் போவதில்லை. சித்தப்பாதான் ஆடுகிறார்.

இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஆபீஸ் விருந்துக்குப் போன ஓட்டலில், சாம்பல் கிண்ணத்தில் யாரோ பாதியில் விட்டுப் போன சுருட்டு ஒன்று கிடந்தது. ஒரு முனை சீராக வெட்டியது, மறுமுனை கருப்பு. எல்லாரும் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். புதுச் சுருட்டுக்கு, வாயில் வைக்கும் முனை மூடியே இருக்குமாம். அணைந்து நாள்பட்டதைத் திரும்பப் பற்றவைத்தால் கசப்பு தொண்டையைப் பிடிக்குமாம். அந்தக் கசப்பைத்தான், எவனுடைய எச்சிலோ என்று தெரிந்தே, சித்தப்பா கடைசிவரை இழுத்திருக்கிறார். மரம், காப்பி, மிளகு எல்லாம் விருந்தாளிகள் பேசியதை அப்பா காதில் வாங்கி வைத்திருந்தது. கையில் கிடைத்த அந்தப் பாதியைக்கூட அவர் இழுத்துப் பார்க்கவில்லை.

முழுச் சுருட்டு ஒன்று வாங்கிவிட்டேன். பழைய குழலில் போட்டு ஆட்டினேன், சத்தமில்லை. சனிக்கிழமை சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வேலை, அப்பாவையும் சித்தப்பாவையும் தறிக்கூடத்தில் உட்கார வைப்பது. முனையை அப்பாதான் வெட்ட வேண்டும். நடுவில் காப்பி ருசி நிஜமாகவே வருகிறதா என்று கேட்கப்போகிறேன்.